சாலைக் கடையில் நான்காவது படம்

ஜூன் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வாஷிங் மெஷின் மறுபடி மக்கர். ரிப்பேர்காரர் இன்றைக்கு வருவதாகப் போனில் சத்தியம் செய்தார். வரமாட்டார், தெரியும்.

சாலை பஜாருக்குப் போக வேண்டிய நாள். கேமராப் பையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஆட்டோ பிடித்தேன். பழவங்காடி முக்கில் ஒரே நெரிசல், பாதி வழியிலேயே இறங்கி நடை.

பன்னிரண்டாவது பெண். இத்தோடு முடிந்தது. அறுபது தாண்டிய, இதுவரை தனக்கென்று தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளாத பன்னிரண்டு பெண்கள். எங்கே நிற்பது, என்ன உடுத்துவது எல்லாம் அவர்கள் இஷ்டம். கதையும் அவர்கள் வாயால். நான் அதைப் படத்துக்குக் கீழே எழுதி மாட்டுவேன். ஜூலை முதல் வாரம் கண்காட்சி. எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறம் முகத்திலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்று அமைப்பாளர்களுக்கு நானே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்று பகவதியம்மா. (இனி ப.அம்மா.) அறுபத்தேழு வயது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவர். வத்தல், மல்லி, மஞ்சள் மொத்த வியாபாரம். கடைக்குள் கால் வைத்ததும் மிளகாய் நெடி, வரிசையாகத் தும்மல். "நல்லா தும்மு மக்களே, தலைப்பாரம் எறங்கும்" என்றார். சிரிக்கவில்லை. வைத்தியமாகவே சொன்னார்.

எங்கே உட்காருகிறீர்கள் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டார். மாம்பழ மஞ்சளில் சேலை, அரக்குக் கரை. மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை, புதுசு. நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. தலைக்கு மேலே சுவரில் மூன்று படங்கள்: மாமனார், கணவர், கணவரின் அண்ணன். மூன்றுக்கும் பிளாஸ்டிக் மாலை, சிவப்புக் குட்டி பல்பு.

அவர் சொன்னது, அப்படியே:

"அவரு போவும்போ மூத்தவனுக்கு ஒம்பது வயசு, எளையவனுக்கு ஆறு. கொழுந்தன் கடைய வித்துப்போடலாம்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. பதினாறு கழிஞ்ச மறுநாளு வந்து இங்கின இருந்தேன். அவ்வளவுதான்."

"ஏவாரிமாரு எங்கிட்ட நேரா பேசமாட்டாவ. எடை போடுகவன்கிட்ட சொல்லுவாவ, அம்மாகிட்ட வெல கேளுன்னு. நான் முன்னாலதான் இருக்கேன்! பின்னே நானும் அவன்கிட்டயே பதில் சொல்லுவேன். பாவம், அவன் நடுவுல கெடந்து தெணறுவான்."

படம் ஏன் இல்லை என்று கேட்டேன். மூத்த மகன் ஆறுமுகத்தின் கல்யாணத்தில் கொழுந்தனும் அவர் மனைவியும் மணவறையில் நின்றார்களாம். இவர் சமையல் கொட்டகையில். "ஆரும் போன்னு சொல்லல மக்களே. நானாத்தான் போய் நின்னேன். அப்பிடித்தானே வழக்கம்." ஆல்பத்தில் அம்மா இல்லை. இளையவன் கல்யாணத்திலும் அதே கதை.

முடித்துக் கிளம்பும்போது சுவரைக் காட்டினார். "கண்காட்சிக்கு நீ வச்சுக்கிடு. எனக்கு ஒரு பெரிய படம் வேணும். அவிய மூணு பேருக்கும் பக்கத்துல மாட்டணும். வாறவன் போறவன் எல்லாம் கேக்கான், இவிய ஆருன்னு. தாத்தா, அப்பா, பெரியப்பான்னு மவன் சொல்லுகான். நான் கீழ இருக்கேன். உயிரோட இருக்கும்போ அத நான் பாக்கணும்."

சரி என்றேன். அவ்வளவு சந்தோஷமாகச் சரி என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

தூறல். ரிப்பேர்காரர் வரவில்லை. வாளியில் துவைத்தேன், இடுப்பு போயிற்று.

ப.அம்மா படம் பிரமாதம். பன்னிரண்டிலும் இதுதான் என்று நினைக்கிறேன். கல்லாவின் மரப்பலகையில் ஒரு கை, இன்னொரு கை மடியில். கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் முகம் இன்னும் கெட்டியாக வந்தது. சுவரில் இருக்கும் மூன்றும் கறுப்பு வெள்ளைதான், வரிசையோடு ஒத்துப்போகும். ஃபிரேமும் அதே மாதிரி கறுத்த தேக்கு நிறத்தில் சொல்லிவிட்டேன், அதே அளவில். இதையெல்லாம் யோசிக்க எனக்குத் தெரிகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் ஆறுமுகம் போன். நாற்பத்தைந்து வயசு இருக்கும். குரலில் தயக்கம்.

"சேச்சி, அம்மை ஆசைப்பட்டாவ, நீங்க எடுத்தீங்க, சந்தோஷம். வீட்டு ரூமுல எங்க வேணும்னாலும் வைக்கலாம். கடையில முடியாது கேட்டேளா."

ஏன் என்றேன். தெரியாத மாதிரி.

"அந்த வரிசை வேற அல்லே சேச்சி. உயிரோட இருக்கவிய படத்த அங்க மாட்டப்பிடாது. ஆளு ஜீவனோட இருக்கும்போ அங்க ஆணி அடிச்சா... எனக்கு அத சொல்லவே வாய் வரல்ல."

மூடநம்பிக்கை என்று சுருக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "எனக்கு அம்மை மட்டும்தானே இருந்தாவ" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

ஜூன் 12, புதன்

வெயில்! மொட்டை மாடியில் எல்லாத் துணியும்.

சின்ன பிரிண்ட் ஒன்றைப் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ப.அம்மா ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் மகனின் புது வீட்டுப் பால்காய்ச்சு, வெள்ளி காலை ரயிலில் திரும்புவார். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. பிரிண்டைக் கவரிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. "நீ எடுத்தா செரியாத்தான் இருக்கும்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார். அப்போது அதில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அம்மாவும் மகனும் என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். குரல் உயர்த்தாமல்.

"வேண்டாம்மா. நான் சொல்லுகதக் கேளு."

"நான் செத்த பொறவு நீ மாட்டுவ. மாலையும் போடுவ, பல்பும் போடுவ. அது உனக்கு. எனக்கு என்ன உண்டு அதுல?"

"அப்பிடி பேசாதம்மா."

"உள்ளதச் சொல்லுகேன்."

ஆறுமுகம் சரக்குக் கிட்டங்கிக்குப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கண்ணில் பிடிவாதம் இல்லை, பயம்தான். நேற்று நான் பேசியது தப்பு.

ப.அம்மா என்னிடம்: "வெள்ளிக்கிழமை நல்ல நாளு. நீ கொண்டுவா. நான் வந்து அவன்கிட்ட பேசிக்கிடுகேன்."

ஜூன் 14, வெள்ளி

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் கொட்டும் மழை. ஃபிரேம் கடையில் படத்தை வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன். சுற்றியிருந்த காக்கிக் காகிதம் நனைந்து கண்ணாடியில் ஒட்டியது. கறை பிடிக்கும் என்று நானே கிழித்துப் போட்டேன். சாலை முக்கில் லாரி நின்றதால் ஆட்டோ உள்ளே போகவில்லை. சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் ஓடி வந்து படத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார், முகம் வெளியே தெரிகிற மாதிரி. இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு அவர் பின்னால் நடந்தேன். உடம்பில் வெள்ளைச் சுடிதார். தலை குனிந்துதான் நடந்தேன், குழி பார்த்து.

சாலையில் அத்தனை பேருக்கும் தெரிந்த முகம். கறுப்பு வெள்ளையில், கறுத்த ஃபிரேமில், நெற்றியில் திருநீறோடு. பின்னால் வெறுங்காலோடு ஒரு பெண்.

பூக்கடைக்காரப் பெண் எழுந்து நின்றாள். யாரோ தொப்பியைக் கழற்றினார். "அய்யோ, அம்மச்சி போயோ?" என்று ஒரு குரல். எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கடையை அடையும்போது எதிர்க்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பிறகு பக்கத்துக் கடை. பிறகு அதற்கடுத்தது. துக்கத்துக்குச் சாலையில் செய்வது அதுதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இல்லை இல்லை, சும்மா படம், அம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்று கத்தினேன். நம்பிக்கை வராத முகங்கள். ரயிலில் வருகிற வழியில் என்று இன்னொருத்தர். யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்து ஆளைக் காட்டினார். பக்கத்து ஆள் அடுத்த ஆளை. ஒரு கட்டத்தில் நானே நம்ப ஆரம்பித்தேன். அம்மா நம்பருக்குப் போன் போட்டேன். பரிதிக்குப் புறத்து, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மலையாளத்தில் பதிவுக் குரல்.

அதற்குள் கிட்டங்கிக்கு யாரோ போன் செய்து, எப்போது எடுக்கிறீர்கள் என்று ஆறுமுகத்திடம் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்கூட்டரை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடி வந்தார். மல்லிச் சாக்குகள்மேல் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார். எதிர்க்கடைப் பெரியவர் அதற்குள் ஒரு ரோஜா மாலையைப் போட்டுவிட்டிருந்தார். நான் தோளைப் பிடித்துச் சொன்னேன், ஒன்றும் இல்லை, என் தப்பு, இது நான் கொண்டு வந்தது. கேட்கிற நிலையில் இல்லை அவர். திரும்பத் திரும்ப அம்மா நம்பரை அழுத்தினார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்க கல்யாண ஆல்பத்துல அம்மை இல்ல சேச்சி. கொட்டகையில நிக்காவன்னு எனக்குத் தெரியும். போய்க் கையப் பிடிச்சுக் கூட்டியிட்டு வந்திருக்கணும். எனக்குத் தெரியும் அன்னிக்கே."

இதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். அத்தனை பேர் முன்னால் சொன்னார். நான் அழுதேன்.

ரயில் தாமதம், அவ்வளவுதான். தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார் ப.அம்மா. ஒரு கையில் குடை, ஒரு கையில் பலகாரப் பை. பாதி இறங்கிய ஷட்டர்களைப் பார்த்துக்கொண்டே வந்து, "ஆரு போனது?" என்று கேட்டார்.

கூட்டம் விலகியது. ஆறுமுகம் எழுந்து போய் அவர் கையை, முழங்கையை, தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "என்னலே" என்றார் அம்மா. அப்புறம் படத்தைக் கண்டார்.

கண்ணாடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். மாலையைக் கழற்றிச் சாக்கின்மேல் வைத்தார். மாலை போட்ட பெரியவர் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். "ஷட்டரத் தூக்குங்க எல்லாரும். வெள்ளிக்கிழமையும் அதுவுமா" என்றார் ப.அம்மா. குரலில் கோபம் இல்லை.

பிறகு என்னிடம்: "நெறம் எங்க மக்களே?"

விளங்கவில்லை எனக்கு.

"சாரிக்க நெறம். அவரு போன பொறவு நான் மஞ்ச உடுத்தினதில்ல. இந்தப் படத்துக்குன்னு எடுத்த சாரி. துணிக்கடையில அந்தப் பெண்ணுகிட்ட ரெண்டு மட்டம் கேட்டேன், போட்டோவுல இது எடுத்துத் தெரியுமான்னு. ஜோரா தெரியும் அம்மச்சின்னா."

படத்தைப் பார்த்தேன், சேலை சாம்பலாக இருந்தது.

"நீயும் என்னய செவத்துல இருக்க அவியளப் போலத்தான் எடுத்திருக்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். விலை சொல்கிற மாதிரி. படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

ஜூன் 15, சனி

எங்கும் போகவில்லை. காலையில் கஞ்சி, மத்தியானமும் கஞ்சி.

படம் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது. ரிப்பேர்காரர் இன்று பார்த்து வந்தார். "இது யாரு சேச்சி, மரிச்சு போயதா?" என்று கேட்டுக்கொண்டே திருப்பிப் பார்த்தார். மெஷினைச் சரி செய்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பன்னிரண்டு பேருடைய மூலப் படங்களையும் நிறத்தோடு திறந்தேன். எடுத்த அன்றைக்கே நிறத்தை எடுத்துவிடுவது என் வழக்கம், அதனால் ஒன்றையும் நான் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தது:

ரோசம்மாள், பாறசாலை, பள்ளிக்கூடச் சமையல். கிளிப்பச்சை. மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது என்று சொல்லியிருந்தார். எழுதி வைத்திருக்கிறேன். படத்தில் சாம்பல்.

லீலா, ஓய்வுபெற்ற நர்ஸ். நீலப் பூப் போட்ட சேலை. "வெள்ள உடுத்தி மதியாயி எனக்கு" என்றார். வெள்ளை அலுத்துப்போனவரை மறுபடி வெள்ளையாக்கியிருக்கிறேன்.

முத்துலட்சுமி, பொன்முடி எஸ்டேட். ரோஸ் ஸ்வெட்டர், தானே பின்னியது. கழற்றச் சொல்லிப் பார்த்தேன் அன்றைக்கு. மாட்டேன் என்றுவிட்டார்.

கோமதி மாமி, கோட்டைக்குள் அக்ரஹாரம், கணக்கு டீச்சர். வாடாமல்லிக் கலர். "ஆத்துக்காரருக்கு இந்தக் கலரே ஆகாது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் இருக்கறப்பவே கட்டிண்டு எடுத்துக்கறேன், பாக்கட்டும்."

மற்றவர்களும் அப்படித்தான். ஒருவர்கூட ஏனோதானோ என்று உடுத்திக்கொண்டு வரவில்லை. என்ன வேண்டுமானாலும் உடுத்துங்கள் என்று பெரிய மனசோடு சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எல்லார் உடம்பிலிருந்தும் அதைக் கழுவி எடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

அமைப்பாளருக்குப் போன் செய்தேன், எல்லாம் நிறத்தில்தான் என்று. "தீம் போயிடுமே, பிரோஷர் அச்சுக்குப் போயாச்சு." போகட்டும் என்றேன். அவர் கோபமாகத்தான் வைத்தார்.

பதினொரு மணி வாக்கில் ஆறுமுகம், வீட்டு வாசலில். கரமனை வீட்டின் முன்னறைதான் என் ஸ்டுடியோ, உள்ளே கூப்பிட்டேன். திட்ட வந்திருக்கிறார் என்று தயாராக இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க சேச்சி" என்றார். நிறத்தில் இருக்கும் படத்தைக் காட்டச் சொன்னார்.

கம்ப்யூட்டரில் போட்டேன். மாம்பழ மஞ்சள் அறை முழுக்க. பின்னால் வத்தல் சாக்குகளின் சிவப்பு, கல்லாப் பலகையின் பழுப்பு. இத்தனையும் அன்றைக்கு என் கண் முன்னால்தான் இருந்தது.

"இது எப்பம் வாங்குனாவ?" என்றார். தெரியவில்லை அவருக்கு. வீட்டில் யாருக்கும் தெரியாதாம். அன்றைக்குக் கடையிலேயே மாற்றிக்கொண்டு, பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

காபி ஆறிப்போயிற்று. அவர் தொடவில்லை.

"அன்னிக்கு அம்மை வரது வரைக்கும் நான் நெனச்சேன் சேச்சி, போயிட்டாவன்னா நான் போய் எத மாட்டுவேன்? இத்தினி வருசம் கல்லாவுல இருந்தாவ, எங்கிட்ட ஒரு படம் இல்ல." திரையைப் பார்த்தபடியே: "மாட்டலாம். அந்த வரிசையிலயே மாட்டலாம். ஆனா நான் மாட்டமாட்டேன். அம்மை படத்த மவன் மாட்டுகது எப்பம்னு எல்லாருக்கும் தெரியும். எனக்க கையால முடியாது. கடைப் பணிக்காருகிட்ட கேட்டேன், அவனுவளும் மாட்டமாட்டானுவளாம்."

நான் மாட்டுகிறேன் என்றேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகப் போனார். போகும்போது வாசலில் நின்று, மஞ்சள் ஃபிரேம் வேண்டாம், ஓவராகிவிடும் என்றார். சிரித்தோம் இரண்டு பேரும், ஒரு நொடி.

ஜூன் 19, புதன்

பிரிண்ட் வந்தது. மஞ்சள் கொஞ்சம் பச்சைப் பக்கம் அடித்தது, திருப்பி அனுப்பினேன். இரண்டாவது சரி. ஃபிரேம் வெளிர் மரம். இந்த முறை பிளாஸ்டிக், அதன்மேல் துணி, அதன்மேல் மறுபடி பிளாஸ்டிக்.

ப.அம்மாவே போன் செய்தார். வெள்ளி காலை வரச் சொன்னார். உங்களுக்குக் கோபமா என்று கேட்டேன். "கோவம் இருந்துது. பின்னே கோவம் வராதா?" என்றார். இப்போது இல்லையா என்று கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

ஜூன் 21, வெள்ளி

மழை இல்லை, மூட்டம். புதுச் செருப்பு, கடிக்கிறது.

கடையில் ப.அம்மா கல்லாவில், தினப்படிச் சேலையில், பச்சைக் கட்டம். மாவட்டம் முழுக்க மிளகாய் விலை இறங்கிவிட்ட மாதிரியான முகத்தோடு ஆறுமுகம் ஓரத்தில். பணிக்காரர்கள் சாக்கு அடுக்குவதுபோல் பாவனை செய்தார்கள், ஒருத்தரும் அடுக்கவில்லை. எதிர்க்கடைப் பெரியவர் அவர் கடைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தைப் பிரித்தேன். ப.அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். சேலைக் கரையை விரலால் கண்ணாடிமேல் தடவினார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. "ம்" என்றார்.

நான் ஸ்டூலை இழுத்து ஏறினேன். "நீ எறங்கு" என்றார். "அது நான்தானே. நானே மாட்டுகேன்."

வேண்டாம் என்று பணிக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில். ப.அம்மா முந்தானையை இடுப்பில் செருகினார். மேல்தட்டுச் சாக்கை எடுக்க ஆயிரம் முறை ஏறிய ஸ்டூல் அது. ஒரு கையில் சுத்தியல், பல்லிடுக்கில் ஆணி. ஏறினார். ஸ்டூல் ஆடியது. ஆறுமுகம் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக மூடியிருந்தார். ஆணி இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் துடித்தது.

படத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். மாட்டினார். கீழே வராமல், அங்கே நின்றபடியே கேட்டார்.

"நேரா இருக்கா?"

நேராக இருக்கிறது என்றேன்.

"உங்கிட்ட கேக்கல்ல மக்களே. லேய் ஆறுமுகம், நேரா இருக்கா? பாத்துச் சொல்லு."

ஸ்டூலை விடாமல், மெதுவாகக் கண்ணைத் திறந்து, தலையை அண்ணாந்து அவர் பார்த்தார். முதலில் படத்தை. பிறகு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அம்மாவை. பிறகு மறுபடி படத்தை.

"எடது பக்கம் ஒரு பொடி தூக்கணும்மா" என்றார்.